ஒருமுறை மட்டும் வந்த பிழை

வாசகர் கேள்வி - பதில்

பெங்களூரில் இருபத்தாறு வருடம் செயற்கைக்கோள் மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். நான் நிரல் எழுதியவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதை ராத்திரி பகலாக ஓடவிட்டு, எங்கே தவறுகிறது என்று தேடுவதுதான் என் வேலை. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விண்கல மென்பொருள் பற்றி நீங்கள் அனுப்பியவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*

என் செல்போனில் ஆப் நின்றுபோனால் மூடித் திறக்கிறேன், சரியாகிவிடுகிறது. விண்கலத்தில் என்ன செய்வார்கள்? அங்கே ஓடும் நிரல் நாங்கள் கல்லூரியில் எழுதுவதிலிருந்து எப்படி வேறுபடும்?
கணினி அறிவியல் மாணவி, நாகர்கோவில்

மூடித் திறப்பது அங்கேயும் உண்டு. வாட்ச்டாக் என்று ஒரு தனி டைமர் இருக்கும். மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் அதற்கு 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் அது கணினியை ரீசெட் செய்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ரீசெட் ஆகி எழுந்திருக்க எல்லா நேரத்திலும் அவகாசம் இருக்காது. கியூரியாசிட்டி ரோவர் 2012 ஆகஸ்ட் 6 அன்று, நம் நேரப்படி காலை 11 மணியளவில் செவ்வாயில் இறங்கிய செய்தி வந்தது. காற்று மண்டலத்தில் நுழைந்து தரையைத் தொடச் சுமார் ஏழு நிமிடம். ஆனால் அன்றைக்கு அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வரவே கிட்டத்தட்ட பதினான்கு நிமிடம். 'நுழைந்துவிட்டேன்' என்ற செய்தி இங்கே கிடைத்தபோது, அங்கே எல்லாம் முடிந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் யாரும் உதவ முடியாது. எழுதி அனுப்பியதுதான் துணை.

அதனால்தான் எழுதும்போதே கட்டுப்பாடு அதிகம். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் பத்து விதிகள் வெளியிட்டார். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு, தன்னையே கூப்பிடக் கூடாது. திரும்பத் திரும்ப ஓடும் எந்த லூப்பும் அதிகபட்சம் எத்தனை முறை சுற்றும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒதுக்கிய நினைவகத்தோடு சரி, பாதி ஓட்டத்தில் புதிதாகக் கேட்கக் கூடாது. ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அச்சிடுகிற அளவுக்கு மேல், அதாவது சுமார் 60 வரிக்கு மேல் போகக் கூடாது. எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தரும் எச்சரிக்கை ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. உங்கள் அடுத்த புராஜெக்டில் இந்தக் கடைசி விதியை மட்டுமாவது கடைப்பிடித்துப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் அது இல்லாமல் எழுதவே மனம் வராது.

*

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். மூன்று வாரம் முன்பு ஒரு பக் வந்தது. மறுபடி வரவைக்க முயன்றேன், வரவே இல்லை. 'திரும்ப வராததை மூடிவிடு' என்கிறார் மேலாளர். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

மூடாதீர்கள். மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் காற்றுப் பைகளில் துள்ளிக் குதித்துச் செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்ற குட்டி ரோவரும் அதோடு போனது. உலகமே படங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தபோது, சில நாளில் கலத்தின் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. எடுத்த தகவல் அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அன்றைய மிச்ச வேலை நின்றுபோனது.

காரணத்தை ஒரு கல்யாண மண்டபச் சமையற்கட்டை வைத்துச் சொல்கிறேன். சாமான் அறைக்கு ஒரே ஒரு சாவி. எடுபிடிப் பையன் கொத்தமல்லி எடுக்க அந்தச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறான். அந்த நேரம் பந்தி பரிமாறுகிறவர், 'டேய், முதலில் இலைக்கெல்லாம் தண்ணீர் வை' என்று அவனை இழுத்துக்கொண்டு போகிறார். பையனால் அவர் பேச்சை மீற முடியாது. தலைமைச் சமையற்காரர் நெய் எடுக்க வருகிறார், அறை பூட்டியிருக்கிறது. பரிமாறுகிறவரை விடப் பெரியவர் அவர்தான். ஆனாலும் பரிமாறுகிறவரின் வேலை முடியும் வரை, அவர் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியதாகிறது.

பாத்ஃபைண்டரில் அந்தப் பையன், வானிலைத் தகவல் சேகரிக்கும் சிறு பணி. சாவி என்பது, பொதுவான தகவல் பகுதியை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட அனுமதிக்கும் பூட்டு. நடுவில் புகுந்தது நடுத்தர முன்னுரிமை கொண்ட பணிகள். காத்து நின்றது, கலத்தின் உறுப்புகளுக்கிடையே தகவல் கொண்டு செல்லும் மிக முக்கியமான பணி. அது ஒரு சுற்றுக்குள் முடியவில்லை என்றதும் கண்காணிப்பு நிரல் 'ஏதோ பெரிய கோளாறு' என்று கணினியை ரீசெட் செய்தது.

ஆய்வகத்தில் அச்சு அசலாக அதே போன்ற ஒரு கலத்தை வைத்திருந்தார்கள். அதை ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று பதிவு செய்துகொண்டே காத்திருந்து, கடைசியில் அதே ரீசெட்டை வரவைத்துவிட்டார்கள். தீர்வு மிகச் சிறியது. பையன் கையில் சாவி இருக்கும் வரை அவனுக்குத் தலைமைச் சமையற்காரரின் மதிப்பைக் கொடுத்துவிடு, யாரும் அவனை வேறு வேலைக்கு இழுக்க முடியாது. அவர்கள் பயன்படுத்திய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை ஆன் செய்யும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரீசெட் புறப்படுவதற்கு முன்பே பூமியில் நடந்த சோதனைகளில் ஓரிரு முறை வந்திருந்தது. திரும்ப வரவைக்க முடியவில்லை, விளக்கமும் கிடைக்கவில்லை. பத்திரமாகத் தரையிறங்குவது எப்படி என்பதில் எல்லார் கவனமும் இருந்தது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. பதிவு செய்யும் வசதியைக் கழற்றாமல் கலத்தோடு அனுப்பியதும் அதே ஆட்கள்தான், அதுதான் பிற்பாடு காப்பாற்றியது. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்ட பிழை இருந்தே தீரும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம். ராத்திரி ஷிப்ட். டெஸ்ட் பெஞ்சில் ஒரு ஹீட்டரை ஆன் செய்யும் கட்டளையை அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் வந்தது. ஹீட்டர் ஆன் ஆகவில்லை. மறுபடி அனுப்பினேன், உடனே ஆன் ஆகிவிட்டது. காலையில் சொன்னபோது, 'இன்டர்ஃபேஸ் கேபிள் லூசாக இருக்கும்' என்று மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். கேபிளை மாற்றினார்கள். அப்புறம் இருநூறு முறைக்கு மேல் அனுப்பிப் பார்த்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

என் நோட்டில் இரண்டு நேரம் மட்டும் எழுதி வைத்திருந்தேன். பெஞ்சை ஆன் செய்தது இரவு 9.14. கட்டளை தொலைந்தது 2.28. பதினொரு நாள் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் போகும்போது ஒரு கணக்குப் போட்டேன். அந்த மென்பொருளின் கடிகாரம் 32 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று எண்ணும். 16 பிட் எண், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கம் பதினாறு மட்டும், 65535க்கு மேல் எண்ண இடமில்லை, மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அதாவது ஏறக்குறைய 35 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒன்பது சுற்றுக்கு 5 மணி 14 நிமிடம் சொச்சம். 9.14உடன் கூட்டினால் 2.28!

நிரலைத் திறந்து பார்த்தால், கட்டளை வந்த நேரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'இப்போதைய எண் அதைவிடப் பெரிதா?' என்று கேட்டு, ஆம் என்றால் நிறைவேற்றும். 65535இல் வந்த கட்டளைக்கு அடுத்த எண் பூஜ்யம். பூஜ்யம் பெரிதில்லை. அதற்குப் பிறகு வரும் எந்த எண்ணும் 65535ஐ விடப் பெரிதாகப் போவதே இல்லை. கட்டளை அப்படியே கிடந்து போயிற்று. 35 நிமிடத்தில் ஒரே ஒரு 32 மில்லிசெகண்ட் இடுக்கு. இருநூறு முறை முயன்றும் அதில் போய் விழாததில் ஆச்சரியம் என்ன?

ஆகவே, மேலாளரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'மூட வேண்டாம், விளக்கம் கிடைக்கவில்லை என்று எழுதித் திறந்தே வைப்போம்.' நடந்த நேரம், அதற்கு முன் நீங்கள் செய்த பத்து காரியங்கள், இயந்திரம் எப்போது ஆன் ஆனது, எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். மூன்று வாரம் என்பதே தாமதம்.

*

ராக்கெட்டில் ஒரு கணினி கெட்டால் இன்னொன்று தயாராக இருக்குமாமே? அப்புறம் ஏன் மென்பொருள் பிழையால் ராக்கெட் வெடிக்கிறது?
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், திருச்சி

இரண்டு கணினியிலும் ஒரே மென்பொருள் இருந்தால், இரண்டுக்கும் ஒரே புத்திதான். ஏரியன்-5 ராக்கெட்டின் முதல் பயணம், 1996 ஜூன் 4, தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளம். திசையையும் வேகத்தையும் சொல்லும் கருவி இரண்டு இருந்தன, ஒன்று மாற்று. மென்பொருள் ஏரியன்-4இல் நன்றாக ஓடியது, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏரியன்-5 தொடக்கத்திலேயே பக்கவாட்டில் அதிக வேகம் எடுக்கும் ராக்கெட். அந்த வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்றபோது கொள்ளவில்லை. 32767தான் உச்ச வரம்பு. முதலில் மாற்றுக் கருவி நின்றது. 72 மில்லிசெகண்ட் கழித்து, அதே காரணத்தால், முதன்மைக் கருவியும் நின்றது. நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை ராக்கெட்டின் கணினி பறக்கும் தகவல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளை முழுக்கத் திருப்பியது. ராக்கெட் வளைந்து சிதறியது. நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின. பற்றவைத்ததிலிருந்து நாற்பது விநாடிக்குள் எல்லாம் முடிந்தது.

இதில் என் மனதை மிகவும் வருத்துவது வேறொன்று. அந்தக் கணக்கே ஏரியன்-5க்குத் தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையில்லை. பழைய ராக்கெட்டுக்காக வைத்தது நாற்பது விநாடி வரை சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, பிழை வந்தால் கருவி நின்றுவிட வேண்டும் என்று வடிவமைத்தவர்கள், கெடுவது வன்பொருள் மட்டும்தான் என்று நம்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மாரடைப்பு வராது என்பது போன்ற கணக்கு அது. மென்பொருளுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நம் பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் இப்படிப்பட்ட வலியைத் தந்தது. 1993 செப்டம்பர் 20, ஸ்ரீஹரிகோட்டா. இரண்டாம் கட்டம் பிரியும்போது ராக்கெட் ஆடியது. சமாளித்திருக்கலாம், ஆனால் கட்டுப்பாட்டு மென்பொருளில் வரம்பு மீறிய எண்ணைக் கையாள்வதில் பிழை இருந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் பிஎஸ்எல்வி வென்றது.

அமெரிக்க விண்வெளி ஓடத்தில் இந்த அபாயத்துக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நான்கு கணினியில் ஒரே மென்பொருள், ஐந்தாவதில் வேறொரு நிறுவனம் தனியாக எழுதிய மென்பொருள். அதிலும் ஒரு விலை உண்டு. 1981 ஏப்ரல் 10 அன்று முதல் பயணம் தள்ளிப்போனதே, நான்கும் ஐந்தாவதும் நேரத்தில் ஒத்துப்போகாததால்தான்.

*

மென்பொருள் சரியாக இருந்தும் தானாகவே கெட்டுப்போகுமா ஆன்டி?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

கெடும், தம்பி. விண்வெளியில் வேகமாகப் பாயும் துகள் ஒன்று நினைவகத்தில் பட்டால் 0 என்பது 1 ஆகிவிடும். 2010இல் வாயேஜர்-2 விண்கலத்தில் ஒரே ஒரு பிட் இப்படி மாறியது. அது அனுப்பிய அறிவியல் தகவல் யாருக்கும் புரியாமல் போனது. அந்த நினைவகத்தை ரீசெட் செய்து சரி செய்தார்கள். இதற்காகவே ஒவ்வொரு எண்ணோடும் சில சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து வைப்போம். ஒன்று மாறினால் எது மாறியது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். மிக முக்கியமான மதிப்பை மூன்று இடத்தில் வைத்து, இரண்டு எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வதும் உண்டு. எப்படித் திருத்துகிறது என்று தெரிய ஆசையாக இருந்தால் 'ஹாமிங் குறியீடு' என்று தேடிப் பார். காகிதமும் பென்சிலும் போதும், உன்னால் ஒரே மாலையில் போட்டுப் பார்க்க முடியும்.

*

சென்சார் பொய் சொன்னால் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?
டிராக்டர் மெக்கானிக், தஞ்சாவூர்

நீங்கள் ஆயில் லைட்டை நம்பாமல் காதை வைத்து எஞ்சினைக் கேட்பீர்கள் இல்லையா, அந்தக் காது மென்பொருளுக்கு இல்லை. இரண்டு சம்பவம் சொல்கிறேன், ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

1999 டிசம்பர் 3, மார்ஸ் போலார் லேண்டர். செவ்வாய்க்கு மேலே கால்களை விரித்தபோது அந்த உதறலில் 'தரையைத் தொட்டாயிற்று' என்ற சிக்னல் வந்திருக்கும், மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும், சுமார் 40 மீட்டர் உயரத்தில் அதைப் பார்த்து எஞ்சினை நிறுத்தியிருக்கும் என்பதுதான் விசாரணைக் குழு சொன்ன மிகச் சாத்தியமான காரணம். பொய்யை நம்பியது.

2023 ஏப்ரலில் ஜப்பானிய நிறுவனமான ஐஸ்பேஸின் ஹக்குட்டோ-ஆர் நிலவில் இறங்க முயன்றது. ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று சுமார் 3 கி.மீ. கீழே போனது. உயரமானி அதைச் சரியாகத்தான் சொன்னது. 'இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாதே, சென்சார் கெட்டுவிட்டது' என்று மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டது. உண்மையில் 5 கி.மீ. உயரத்தில் இருந்தபோது தரையில் இருப்பதாக நினைத்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்தது. வடிவமைப்பு முடிந்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். மாற்றிய இடத்துக்கு அந்த வரம்பு பொருந்துமா என்று போதுமான அளவு ஓட்டிப் பார்க்கவில்லை.

மென்பொருளில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும், அது போகிற இடம் மாறினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறேன்.

*

சந்திரயான்-2 விழுந்தது, 3 இறங்கியது. மென்பொருளில் என்ன மாற்றினார்கள்? திட்ட இயக்குநர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன்.
ஆசிரியை, விழுப்புரம்

வீரமுத்துவேலைப் பற்றி உங்கள் ஊரே பெருமைப்படலாம்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை என்ன நடந்தது என்பதை இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததை விட அதிகமாக உந்தின. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. இறங்கும் இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். தரையை நெருங்கும்போதும் அந்தக் கட்டத்துக்குள் போய்ச் சேரக் கலம் வேகத்தைக் கூட்டியது. ஒவ்வொரு கட்டளையும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. சேர்ந்தபோது கலத்தைக் கொன்றது.

சந்திரயான்-3க்கு அவர்கள் கேட்ட கேள்வியே வேறு. எது எது தவறலாம் என்று முதலில் பட்டியல் போட்டு, அப்படித் தவறினாலும் இறங்குவது எப்படி என்று வடிவமைத்தார்கள். இறங்கும் பரப்பை 4 கி.மீ. நீளம், சுமார் 2.5 கி.மீ. அகலம் என்று விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவியைச் சேர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. இங்கே எங்கள் தெருவில் ஒரு வீட்டு டிவி முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். வேகம் குறைந்துகொண்டே வரும் அந்த எண்களை மட்டும்தான் நான் பார்த்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை.

*

வாயேஜர்-1ஐ இங்கிருந்தே பழுது பார்த்தார்களாமே, நிஜமா?
ஒரு வாசகி, புதுச்சேரி

நிஜம். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய கலம். 2023 நவம்பர் 14 முதல் அது அனுப்பியது எதுவும் படிக்க முடியாததாகிவிட்டது. மார்ச் மாதம்தான் காரணம் தெரிந்தது: தகவலைத் தொகுக்கும் கணினியில் ஒரு நினைவகச் சிப் செத்துவிட்டது. மொத்த நினைவகத்தில் 3 சதவீதம். ஆனால் முக்கியமான நிரல் அதில்தான் இருந்தது.

சிப்பை மாற்ற வழியில்லை. நிரலை வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்றால், மொத்தமாக வைக்க எங்கேயும் இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் எல்லாம் வைத்து, ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளை எல்லாம் திருத்தினார்கள். எழுதியவர்களில் பலர் உயிரோடு இல்லாத, ஐம்பது வருடப் பழைய நிரலில் இதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை, முதல் துண்டை அனுப்பினார்கள். 2400 கோடி கிலோமீட்டர். போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். மறுநாள் வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். நாம் வாக்குச்சாவடி வரிசையில் நின்றபோது அது இன்னும் வழியில்தான் இருந்தது. சனிக்கிழமை பதில் வந்தது. கலத்தின் உடல்நிலையைச் சொல்லும் எண்கள், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, படிக்கக்கூடிய வடிவில்.